பழைய வீடுகளின் வெளிப்படிகள்: விழுமுன் அளந்தறிய வேண்டிய ஆபத்து

வீதி விபத்தொன்றில் ஒருவர் காயமடைந்தால் பொலிஸார் வருகின்றனர். வீதியின் அகலம் அளக்கப்படுகிறது, வாகனத்தின் பிரேக் பரிசோதிக்கப்படுகிறது, சாட்சியங்கள் பதியப்படுகின்றன. ஆனால், வீட்டின் வெளிப்புறப் படிக்கட்டில் இறங்கிய மூதாட்டி ஒருவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், “கால் தவறிவிட்டது” என்ற இரண்டு சொற்களுடன் விசாரணை முற்றுப்பெற்றுவிடுகிறது. குற்றம் காலின் மீது சுமத்தப்படுகிறதேயன்றி, படியை எவரும் விசாரிப்பதில்லை. அவரை வைத்தியசாலையில் சேர்த்துவிட்டுத் திரும்பும் உறவினர்கள், அவரை விழுத்திய அதே படியில் ஏறியே வீட்டுக்குள் நுழைகின்றனர்.

விழுதல் என்பது விதியின் விளையாட்டு என்றோ, முதுமையின் இயல்பு என்றோ கருதிவிடும் மனப்போக்கு எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இது தவறான எண்ணமாகும். உலகளாவிய ரீதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தற்செயலான காயங்களினால் ஏற்படும் மரணங்களில் வீதி விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே உரியது. இம்மரணங்களில் 80 வீதத்துக்கும் அதிகமானவை குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளிலேயே நிகழ்கின்றன என்பது எமது கவனத்துக்குரியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையின் சனத்தொகையில் 12 வீதத்துக்கு மேற்பட்டோர் 60 வயதைத் தாண்டியிருந்தனர். அதன் பின்னர் இவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. ஆக, எமது வீடுகளும் முதுமையடைகின்றன. அவற்றில் வாழ்வோரும் முதுமையடைகின்றனர். இவ்விரு முதுமைகளும் நாளாந்தம் சந்திக்கும் இடமாகவே வெளிப்புறப் படிக்கட்டு அமைந்துள்ளது.

வெளிப்படி என்று நாம் இங்கு குறிப்பிடுவது ஒரே வகையானதன்று. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில், ஒரு குடும்பத்துக்கெனக் கட்டப்பட்ட வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விடும் நோக்கில் பின்னாளில் பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்ட ஒடுங்கிய படிகள் ஒருவகை. கொல்லைப்புறத்தில் நிறுத்தப்பட்ட இரும்புச் சுழற்படிகள் இன்னொரு வகை. பம்பலப்பிட்டி, மாளிகாவத்தை போன்ற இடங்களிலுள்ள பழைய தொடர்மாடிகளில் காற்றுக்கும் மழைச்சாரலுக்கும் திறந்திருக்கும் பொதுப்படிகள் மூன்றாவது வகை. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளில் மொட்டைமாடிக்கு ஏறும் சுண்ணாம்புக் கட்டுப் படிகளும், மலையகத்தில் ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்கும் அங்கிருந்து பாதைக்கும் இறங்கும் கருங்கற் படிகளும் இவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவையே.

இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. வீட்டினுள் இருக்கும் படி ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். வெளிப்படியோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மழைக்குப் பின்னர் வேறொன்று. நண்பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும் படியைப் பார்த்து அது பாதுகாப்பானது என்று முடிவு செய்வது, கோடையில் குளத்தைப் பார்த்து அதன் ஆழத்தைக் கணிப்பதற்கு ஒப்பானது. ஆதலால் வெளிப்படியொன்றை மதிப்பிட விரும்புபவர் அதனை இருமுறையேனும் பார்க்க வேண்டும். ஒருமுறை பகலில், அளவுநாடாவுடன். மறுமுறை மழை ஓய்ந்த இரவில், அங்கு வசிப்போர் வழக்கமாகப் பயன்படுத்தும் வெளிச்சத்தில்.

அளவிலிருந்தே தொடங்குவோம். படியொன்றின் ஏறும் உயரத்துக்கும் மிதிக்கும் அகலத்துக்கும் மனித நடையின் நீளத்தோடு தொடர்பு உண்டு என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளொண்டெல் வகுத்துரைத்தார். உயரத்தின் இருமடங்கையும் அகலத்தையும் கூட்டினால் ஒரு சாதாரண நடையின் நீளம் கிடைக்க வேண்டும் என்பது அவரது விதி. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் ஆகும். ஆயினும் இவ்விதியை மட்டும் நம்பிவிடலாகாது. 9 அங்குல உயரமும் 8 அங்குல அகலமும் கொண்ட படியொன்று இந்தக் கூட்டலுக்கு ஓரளவு சரியாகவே பொருந்திவிடும். ஆனால், அதில் இறங்குபவரின் பாதத்தில் மூன்றிலொரு பங்கு அந்தரத்தில் நிற்கும். இங்கிலாந்தில் வீடுகளின் ஆபத்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டி, படியின் உயரம் 180 மில்லிமீற்றருக்கு மேற்படாமலும் அகலம் 280 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருப்பதையே விரும்பத்தக்கதாகக் கொள்கிறது. அதாவது சுமார் 7 அங்குல உயரம், 11 அங்குல அகலம். இடநெருக்கடியில் பின்னாளில் ஒட்டிக் கட்டப்பட்ட எமது பக்கப்படிகளில் எத்தனை இந்த அளவை எட்டும் என்பதை அளந்து பார்ப்போர் அறிவர்.

அளவைவிட முக்கியமானது அளவின் சீர்மை. படியில் இறங்கும் மனிதர் முதல் இரண்டு மூன்று படிகளை மட்டுமே கவனித்து இறங்குகிறார். அதற்குள் கால் அந்தப் படிகளின் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. பின்னர் கண் வேறெங்கோ பார்த்தாலும் கால் தானாகவே இறங்குகிறது. இந்த நம்பிக்கைக்கு ஒரேயொரு படி துரோகம் செய்தாலும் போதும், உடல் நிலைகுலைந்துவிடும். அமெரிக்கக் கட்டட விதிக்கோவை, ஒரே படிவரிசையிலுள்ள மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையிலான வேறுபாடு எட்டில் மூன்று அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றரை மீறலாகாது என்று வரையறுத்திருப்பதன் காரணம் இதுவே. எமது சுண்டுவிரலின் தடிப்பிலும் குறைவான இந்த வேறுபாட்டைக் கண் காண்பதில்லை, கால்தான் காண்கிறது.

பழைய வீடுகளில் இச்சீர்மை எவ்வாறு குலைகிறது என்பதை நோக்குவோம். கட்டிய நாளில் ஒருவேளை எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருந்திருக்கலாம். பின்னர் வீதிக்கு மீண்டும் மீண்டும் காபட் இடப்பட்டு அதன் மட்டம் உயர்கிறது. வெள்ளம் உட்புகாதிருக்க முற்றத்துக்குக் கொங்கிறீற் இடப்படுகிறது. 7 அங்குலமாக இருந்த கடைசிப் படி நான்கு அங்குலமாகக் குறுகுகிறது. வேறிடத்தில் இதற்கு மாறாக மழைநீர் மண்ணை அரித்துச் செல்ல, அல்லது வடிகான் வெட்டப்பட, கடைசிப் படியின் உயரம் பத்து அங்குலமாகிவிடுகிறது. மேலே, வாசற்றளத்துக்குப் புதிதாக ரைல்ஸ் பதிக்கப்பட்டு முதற்படியின் உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடிவிடுகிறது. நடுவில் உடைந்த படியொன்றுக்கு மாத்திரம் சீமெந்து பூசப்படுகிறது. இவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் திருத்த வேலையையே செய்தார்கள். எவரும் படியைக் கெடுக்க நினைக்கவில்லை. ஆனால், முப்பது நாற்பது ஆண்டுத் திருத்தங்களின் கூட்டு விளைவாக, கால் அதிகம் ஏமாறக்கூடிய முதற்படியும் கடைசிப் படியுமே மற்றவற்றினின்று வேறுபட்டுப் போகின்றன. ஆகவே, மதிப்பிடுபவர் நடுவிலுள்ள ஒரு படியை அளந்துவிட்டுத் திருப்தியடையாமல் எல்லாப் படிகளையும் மேலிருந்து கீழாக அளந்து ஒரு தாளில் வரிசையாக எழுத வேண்டும். எந்த இலக்கம் மற்றவற்றோடு சேராமல் தனித்து நிற்கிறதோ அதுவே முதலாவது எதிரி.

அடுத்தது மேற்பரப்பு. எமது முன்னோர் பெருமையுடன் மெழுகிய சிவப்புச் சீமெந்துத் தளம் வீட்டினுள்ளே குளிர்ச்சியும் அழகும் தருவது. அதுவே வெளிப்படியில் மழைநீருடன் சேரும்போது வழுக்கும் பரப்பாகிவிடுகிறது. அண்மைக்காலங்களில் அழகு கருதி வெளிப்படிகளுக்குப் பதிக்கப்படும் பளபளப்பான ரைல்ஸும் இத்தகையதே. சொரசொரப்பான சீமெந்துப் படியும், நிழலில் இருந்து ஈரம் காயாவிடில் பாசி படர்ந்து அவ்வாறே ஆகிவிடும். ஆகையால், “படி வழுக்குகிறதா” என்பதுடன் நின்றுவிடாமல், “ஈரம் எங்கிருந்து வருகிறது” என்றும் வினவ வேண்டும். கூரைப் பீலி உடைந்து நீர் படியில் கொட்டுகிறதா, குளிரூட்டியின் குழாய் படியின் மேல் சொட்டுகிறதா, மேல்மாடியின் நீர்த்தாங்கி நிரம்பி வழிகிறதா, படியின் நடுப்பகுதி தேய்ந்து குழிவிழுந்து நீர் தேங்குகிறதா என்பவற்றைக் கண்டறியாமல் பாசியை மட்டும் சுரண்டுவது பயனற்றது. அடுத்த மழையில் அது மீண்டும் படரும்.

கட்டுமானத்தின் உறுதியும் ஆராயப்பட வேண்டும். கடற்காற்று வீசும் கொழும்பிலும் ஏனைய கரையோர நகரங்களிலும் கொங்கிறீற்றின் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிப்பது விரைவாக நிகழ்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே கொங்கிறீற்றைப் பிளக்கிறது. படியின் அடிப்புறத்தில் கபில நிறக் கறையோ நீளவாக்கில் வெடிப்போ தென்பட்டால் அதனை வெறும் பூச்சுக் குறைபாடாக எண்ணலாகாது. சிறு சுத்தியலால் தட்டும்போது பொள்ளலான ஒலி எழுந்தால் உள்ளே பிரிவு ஏற்பட்டுள்ளது என்பதே பொருள். அந்நிலையில் பொறியியலாளர் ஒருவரின் ஆலோசனை அவசியம். இரும்புப் படிகளில் துரு பெரும்பாலும் கம்பி தளத்தினுள் நுழையும் அடிவாரத்திலேயே ஒளிந்திருக்கும். மேலே எத்தனை முறை வர்ணம் பூசியிருந்தாலும் அடியில் கம்பி தாள் போல மெலிந்திருக்கக்கூடும்.

இங்குதான் கைபிடியின் முக்கியத்துவம் புலப்படுகிறது. வழுக்கலையும் சீரற்ற படியையும் கைபிடி முற்றாகத் தடுப்பதில்லை; ஆனால், இடறலை விழுதலாக மாறவிடாமல் காப்பது அதுவே. எமது பழைய வீடுகளில் கைபிடிச்சுவர் உண்டு, கைபிடி இல்லை. ஆறு அங்குல அகலமான சுவரின் மேல் உள்ளங்கையை வைக்கலாமே தவிர, விழும் கணத்தில் அதனைப் பற்றிக்கொள்ள இயலாது. விரல்கள் முழுமையாகச் சுற்றிப் பிடிக்கக்கூடியதாக, ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரையிலான உருண்டைக் கம்பி, படியின் விளிம்பிலிருந்து 900 முதல் 1000 மில்லிமீற்றர் உயரத்தில், முதற்படிக்கு முன்னர் தொடங்கிக் கடைசிப் படிக்கு அப்பாலும் இடையறாது செல்ல வேண்டும். பக்கவாதத்தால் ஒரு கை வழங்காத ஒருவருக்கு, ஏறும்போது உதவும் கைபிடி இறங்கும்போது உதவாது என்பதால், இருபுறமும் கைபிடி இருப்பது ஆடம்பரமன்று. பக்கக் கம்பிகளுக்கிடையிலான இடைவெளி 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் குழந்தையின் உடல் அதனூடாக நழுவிச் செல்லக்கூடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வெளிச்சத்தைப் பற்றியும் கூற வேண்டும். தொடர்மாடிகளில் பொதுப்படியின் மின்குமிழ் எரிந்துபோனால் அதனை மாற்றுவது எவருடைய கடமை, மின்கட்டணத்தைச் செலுத்துவது யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை குடியிருப்போர் இருட்டிலேயே இறங்குகின்றனர். குமிழ் இருந்தால் மட்டும் போதாது. அது இறங்குபவரின் முதுகுப்புறத்தில் இருந்தால் அவரது நிழலே அவர் மிதிக்க வேண்டிய படியை மறைக்கும். ஆளி மேலேயும் கீழேயும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பும் கண்ணுக்குத் தனியாகத் தெரிய வேண்டும். கீழ்ப்பாதியில் வாசிப்பு வில்லை பொருத்திய மூக்குக்கண்ணாடி அணியும் முதியவருக்கு, குனிந்து பார்க்கும்போது படி மங்கலாகவே தோன்றும். சாம்பல் நிறப் படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்தில் மணல் கலந்து தீட்டப்படும் மஞ்சள் அல்லது வெள்ளை வர்ணக் கோடு அவருக்கு ஒரு வைத்தியரின் மருந்துச்சீட்டைப் போன்று பயன்தரும்.

இனி, இவற்றையெல்லாம் எவ்வாறு எடைபோடுவது? குறைகளின் பட்டியல் மட்டும் மதிப்பீடாகிவிடாது. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்டு 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டு முறை இதில் எமக்கு வழிகாட்டத்தக்கது. வீடுகளில் காணப்படக்கூடிய 29 வகை ஆபத்துகளை அது வரையறுத்தது. படிகளில் விழுதல் அவற்றுள் ஒன்று. வீட்டுக்குரிய வெளிப்படிகளும் அதில் அடங்கும். அம்முறை இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக எழுப்புகிறது. அடுத்த 12 மாதங்களில் இங்கு ஒருவர் விழுந்து காயமடைவதற்கான வாய்ப்பு எவ்வளவு? விழுந்தால் விளையும் தீங்கு எத்தகையது? தீங்குகள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, மரணம் போன்ற அதியுயர் தீங்குக்கு 10,000 என்றும், மிதமான காயத்துக்கு 10 என்றும் நிறை வழங்கப்படுகிறது. அதாவது, ஓர் உயிரிழப்பு ஆயிரம் மிதமான காயங்களுக்குச் சமமாகக் கணிக்கப்படுகிறது. இக்கணக்கில் கிடைக்கும் புள்ளி 1,000 அல்லது அதற்கு மேற்படுமாயின் நடவடிக்கை எடுப்பது உள்ளூராட்சி மன்றத்தின் கடமையாகிவிடுகிறது.

இவ்விரு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பதன் பயன் பெரிது. நான்கு படிகள் மட்டுமே கொண்ட, மண் முற்றத்தில் முடியும் படிக்கட்டில் அடிக்கடி ஒருவர் இடறலாம். காயம் சிறிதாகவே இருக்கும். பதினெட்டுப் படிகள் இடைத்தளமின்றி நேராக இறங்கி, கொங்கிறீற் வடிகானின் விளிம்பிலோ கூரான இரும்பு வாயிற்கதவிலோ முடியும் படிக்கட்டில் பல ஆண்டுகளாக எவருமே விழாதிருக்கலாம். விழும் முதலாமவரே உயிரிழக்கக்கூடும். “இத்தனை வருடமாக யாரும் விழவில்லை” என்று வீட்டு உரிமையாளர்கள் கூறும் சமாதானம் முதலாவது கேள்விக்கு ஓரளவு விடையாகலாம். இரண்டாவது கேள்விக்கு அது விடையே அன்று. ஆகவே, படியின் அடிவாரத்தில் என்ன இருக்கிறது என்பதையும் மதிப்பீட்டாளர் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கு நிறுத்தப்பட்டுள்ள மோட்டார் சைக்கிளும், படியோரத்தில் அடுக்கப்பட்ட பூச்சாடிகளும், படியை நோக்கி வெளிப்புறமாகத் திறக்கும் கதவும் அக்குறிப்பில் இடம்பெற வேண்டும்.

அந்த முறையிலுள்ள இன்னொரு நற்பண்பும் கவனிக்கத்தக்கது. இன்று அவ்வீட்டில் யார் வசிக்கிறார்கள் என்பதை வைத்தல்ல, அங்கு வசிக்கக்கூடியவர்களுள் மிகவும் பாதிக்கப்படத்தக்கவரை, அதாவது படிகளைப் பொறுத்தவரை 60 வயதுக்கு மேற்பட்ட ஒருவரை மனத்திற்கொண்டே வீடு மதிப்பிடப்படுகிறது. இன்றைய இளம் வாடகைக் குடும்பத்துக்கு நாளை ஊரிலிருந்து தாயார் வந்து சேரலாம். கர்ப்பிணிப் பெண் தண்ணீர் வாளியுடன் ஏறலாம். தந்தை எரிவாயுச் சிலிண்டரைச் சுமந்து இறங்கலாம். சேலையின் கரையும் சாரத்தின் விளிம்பும் தேய்ந்த இறப்பர் செருப்பும் எமது நாளாந்த வாழ்வின் அங்கங்கள். படிதான் மனிதருக்கேற்ப அமைய வேண்டுமேயன்றி, மனிதர் படிக்கேற்ப வாழ வேண்டும் என்பது நியாயமன்று.

திருத்தப் பணிகளில் பெரும்பாலானவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பாசியை உரசிக் கழுவி நீர் வரும் வழியை மாற்றுதல், மின்குமிழ் பொருத்துதல், விளிம்புக்கு வர்ணக் கோடிடல், படியிலுள்ள பொருட்களை அகற்றுதல் ஆகியவை ஒரு வார இறுதியில் நிறைவேற்றக்கூடியவை. அடுத்த படிநிலையில் உறுதியான கைபிடி. அதன் பின்னரே முதற்படியையும் கடைசிப் படியையும் ஏனையவற்றோடு ஒப்பச் செய்யும் மேசன் வேலை. படியின் மேல் சாக்கு விரிப்பதும், ஒரு படிக்கு மட்டும் சீமெந்து ஏற்றுவதும் ஆபத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும் என்பதை மறந்துவிடலாகாது.

எனினும், மிகக் கடினமான கேள்வி செலவைப் பற்றியதன்று, பொறுப்பைப் பற்றியது. தொடர்மாடிகளில் படிக்கட்டு எல்லோருக்கும் உரிய பொதுக் கூறு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பொதுக் கூறுகளைப் பேணும் பொறுப்பை முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்துள்ளன. அது செயலற்றிருக்கும் பழைய தொடர்மாடிகளில், எல்லோருக்கும் சொந்தமான படி எவருக்கும் சொந்தமற்றதாகிவிடுகிறது. வாடகை வீடுகளில் திருத்தம் கேட்டால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் குடியிருப்போர் வாய்திறப்பதில்லை. மலையகத்திலோ நிலை இன்னும் இரங்கத்தக்கது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் காணிக்கோ லயத்துக்கோ உரித்தற்ற குடும்பங்கள், கொழுந்துக் கூடையைச் சுமந்து நாளாந்தம் இறங்கும் கற்படியைத் திருத்தும் கடமை தோட்ட நிருவாகத்தினுடையதா, அரசினுடையதா, தம்முடையதா என்ற குழப்பத்திலேயே காலங்கழிக்கின்றன. அங்கு படியின் குறை உரிமைப் பிரச்சினையின் ஒரு முகமேயாகும்.

கட்டடமொன்று கட்டி முடிக்கப்படும்போது வரைபடத்துக்கு இணங்க அமைந்துள்ளதா என்று பார்க்கும் எமது ஏற்பாடுகள், நாற்பது ஆண்டுகள் கழித்து அதன் படிகள் எந்நிலையில் உள்ளன என்று பார்ப்பதற்கும் விரிவடைய வேண்டும். நுளம்புக் குடம்பிகளைத் தேடி வீடு வீடாக வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், கிராம உத்தியோகத்தர்களும், முதியோர் சங்கங்களும் ஒரு பக்க அளவிலான படிவத்தைக் கையிலேந்தி வெளிப்படிகளைப் பார்வையிடத் தொடங்குவது இயலாத காரியமன்று. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை தான் கட்டி ஒப்படைத்த பழைய தொடர்மாடிகளிலிருந்து இப்பணியை ஆரம்பிப்பது முன்மாதிரியாக அமையும்.

படிக்கு அஞ்சும் முதியவர்கள் எல்லோரும் விழுந்துவிடுவதில்லை. அவர்களுள் பலர் இறங்குவதையே நிறுத்திவிடுகின்றனர். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போவது நின்றுவிடுகிறது; சந்தைக்குப் போவது நின்றுவிடுகிறது; மாதாந்தச் சிகிச்சைக்குப் போவதும் தவறுகிறது. எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் இடம்பெறாத இந்த இழப்பும் அதே பழுதடைந்த படியின் விளைவுதான். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னர் ஒவ்வொரு வீட்டாரும் ஓர் அளவுநாடாவுடன் தமது வெளிப்படியில் மேலிருந்து கீழாக ஒருமுறை இறங்கிப் பார்ப்பாராக. அளந்து எழுதிய தாள் கையில் இருந்தால், வீட்டு உரிமையாளரிடமும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடமும் தோட்ட நிருவாகத்திடமும் கேட்கப்படும் கேள்வி வெறும் முறைப்பாடாக இராது. பதில் கூறியே ஆகவேண்டிய கேள்வியாக அமையும்.